15 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிள்: ஆர்.சி. புதுப்பிப்புச் சோதனைக்குத் தயார் செய்வது எப்படி?

நவி மும்பை: பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஸ்பிளெண்டரையோ பல்சரையோ புல்லட்டையோ இன்றும் ஓட்டி வருபவர்கள், பதிவுச் சான்றிதழில் அச்சிடப்பட்டுள்ள செல்லுபடித் தேதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதன்பின் ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆண்டுதோறும் சோதனை என்பது இந்தியாவில் வாடகை, சரக்கு வாகனங்களுக்கே பொருந்தும். அவையும் எட்டு ஆண்டுகளைக் கடந்த பிறகே ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று பெறுகின்றன. சிங்கப்பூரில் 3 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் ஆய்வு கட்டாயம். அங்குள்ள உறவினர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

கோபர்கைரனே, வாஷி, ஐரோலி பகுதிகளின் வண்டிகள் எம்.ஹெச். 43 என்ற எண்வரிசை கொண்ட வாஷி அலுவலகத்தின் கீழ் வருகின்றன. செம்பூரில் பதிவான வண்டி என்றால் எம்.ஹெச். 03, அதாவது வடாலா. விண்ணப்பம் படிவம் 25இல், வாகன் இணையதளம் வழியாக அளிக்கப்படுகிறது. காலாவதித் தேதிக்கு 60 நாள்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இந்த 60 நாள்கள்தான் உரிமையாளரின் பணத்தைக் காப்பாற்றுபவை. 2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் சைக்கிளின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். தாமதமானால் ஒவ்வொரு மாதத்துக்கும் கூடுதலாக 300 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கவனிக்காமல் விட்டவருக்குத் தாமதக் கட்டணம் மட்டுமே 7,200 ரூபாய் ஆகிவிடும். 20 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தியது. மகாராஷ்டிரத்தில் பழைய வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் வரியும் இத்துடன் சேரும்.

காலாவதியான பதிவுடன் ஓட்டுவதில் அபராதத்தை விடப் பெரிய இடர் ஒன்று உள்ளது. தற்காலிகப் பதிவு முடிந்த பின் சாலையில் ஓட்டப்பட்ட ஒரு வாகனம் விபத்தில் சேதமடைந்த வழக்கில், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது சரியே என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள்

ஊரிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த டி.என். வண்டியை ஆண்டுக்கணக்கில் மும்பையில் ஓட்டுவது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது சட்டத்தின் 47ஆவது பிரிவு. அதற்கு, வண்டி முதலில் பதிவான அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், 15ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் இதைத் தொடங்குவது பெரும் அலைச்சலில் முடியும். வங்கிக் கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், அதையும் நிலுவையிலுள்ள இ-சலான் அபராதங்களையும் முதலில் தீர்த்துவிட வேண்டும்.

2019 ஏப்ரல் 1க்கு முன் பதிவான வண்டிகளுக்கு மகாராஷ்டிரத்தில் உயர் பாதுகாப்பு எண் பலகையும் கட்டாயம். இருசக்கர வாகனத்துக்கு இதன் விலை ஜி.எஸ்.டி. நீங்கலாக 450 ரூபாய்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

ஆய்வாளர் முதலில் சரிபார்ப்பது இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும்தான். தானே கழிமுகத்தின் உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் படும் இப்பகுதியில் சேசிஸ் எண்ணின் மேல் துரு படிவது எளிது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழுத்தே அழியும். அழிந்த எண் திருட்டு வண்டியோ என்ற ஐயத்தைக் கிளப்பும். ஆர்.சி.யில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது புகை. 2000 மார்ச் 31க்குப் பின் தயாரான, பி.எஸ். 6 தரத்துக்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் ஐட்லிங் புகையில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். அளவையும் தாண்டக் கூடாது. அதற்கு முன் தயாரானவற்றுக்கு 4.5 சதவீதம், 9,000 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. அடைத்துப்போன ஏர் ஃபில்டர், கரி படிந்த ஸ்பார்க் பிளக், பெட்ரோலை அதிகம் விடும் கார்புரேட்டர் ஆகிய மூன்றையும் சரிசெய்துவிட்டு, இன்ஜின் நன்கு சூடான பிறகு பி.யு.சி. மையத்துக்குச் செல்ல வேண்டும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். அது பிஸ்டன் ரிங், வால்வு சீல் வேலை, ட்யூனிங்கால் தீராது.

டயரின் பட்டை ஆழம் இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மி.மீ. இருக்க வேண்டும். பட்டை இருந்தும் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரை மாற்றிவிடுவதே நல்லது. முன் பிரேக்கைப் பிடித்தாலும் பின் பிரேக்கை மிதித்தாலும் பிரேக் விளக்கு எரிய வேண்டும். பழைய வண்டிகளில் முன் பிரேக் சுவிட்ச் செயலிழந்திருப்பதை உரிமையாளர்கள் பலர் கவனிப்பதே இல்லை. ஹாரன், இண்டிகேட்டர், ஹெட்லைட்டின் இரு ஒளி நிலைகள், கண்ணாடி, செயின் தளர்வு, ஃபோர்க்கில் ஆயில் கசிவு ஆகியவற்றை வழக்கமான மெக்கானிக்கே ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுவார்.

அழகுக்காகக் கழற்றி வைத்த சாரி கார்டைத் தேடி மாட்ட வேண்டும். பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காமல், சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், கைப்பிடியும், கால் வைக்கும் கட்டையும் மத்திய மோட்டார் வாகன விதி 123இன்படி கட்டாயமானவை. வெடிச்சத்தம் எழுப்பும் சைலன்சரைக் கழற்றி, கம்பெனி சைலன்சரைப் பொருத்த வேண்டும். அதே வேளையில், 2017க்குப் பின் வந்த எப்போதும் எரியும் ஹெட்லைட்டையோ ஏ.பி.எஸ். பிரேக்கையோ பழைய வண்டியில் யாரும் கேட்க முடியாது; அவை வண்டி தயாரான காலத்து விதியில் இல்லாதவை.

செலவுக் கணக்கு கட்டுப்படியாகாது என்று தோன்றினால் அங்கீகரிக்கப்பட்ட வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறலாம். பதிவை ரத்து செய்யாமல் காயலான் கடைக்கு விற்றால், அந்த எண் உரிமையாளரின் பெயரிலேயே நீடிக்கும். பின்னாளில் அந்த எண்ணில் எழும் சலானும் வழக்கும் அவர் பெயருக்கே வரும்.