புரத முனை வரிசை அறிதல்: நிறை நிறமாலை முறை

புரதச் சங்கிலியின் தொடக்கமான அமினோ முனையிலும் இறுதியான கார்பாக்சில் முனையிலும் உள்ள அமினோ அமிலங்களின் வரிசையை, புரதத் துண்டுகளின் நிறையை அளந்து கண்டறியும் முறை.

முனைகளைத் தேடும் ஆய்வு வேதியியலில் தொடங்கியது. 1945இல் கேம்பிரிட்ஜில் பிரடெரிக் சாங்கர், இன்சுலினின் அமினோ முனையில் மஞ்சள் நிற அடையாளம் ஏற்றி, அங்கே கிளைசினும் பினைல்அலனினும் இருப்பதைக் கண்டார். சுவீடனைச் சேர்ந்த பேர் எட்மன் 1950இல், முனையிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் வினையை வெளியிட்டார். ஆனால் மனித உயிரணுக்களின் புரதங்களில் பெரும்பாலானவற்றின் அமினோ முனை அசிட்டைல் தொகுதியால் மூடப்பட்டிருக்கிறது. அங்கே எட்மன் வினை முதல் படியிலேயே நின்றுவிடும். கார்பாக்சில் முனைக்கோ அதற்கு ஈடான முறை எதுவும் நிலைபெறவில்லை.

நிறையை அளக்கும் முறைக்கு இந்தத் தடை கிடையாது. அசிட்டைல் ஏறிய முனை 42 டால்டன் (அணு நிறை அலகு) கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான். இடர் வேறிடத்தில் இருந்தது: அளப்பதற்கு ஆவியாக்க வேண்டும், ஆனால் பெப்டைடுகள் எனப்படும் சிறு அமினோ அமிலச் சங்கிலிகள் எளிதில் ஆவியாகா. எம்.ஐ.டி.யில் கிளாஸ் பீமன் 1959இல் அவற்றை ஆவியாகக்கூடிய சேர்மங்களாக மாற்றி வரிசையைப் படித்துக் காட்டினார்.

இம்முறையின் வலிமைக்கு மிக அழகான சான்று என்கெபலின். ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் அபர்டீனில் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த, மார்பின்போல் செயல்படும் பொருள் அது. 1975இல் ஹோவர்ட் மாரிஸின் நிறை நிறமாலை, அது ஒன்றல்ல, இரண்டு பெப்டைடுகள் என்பதைத் தெளிவாக்கியது. டைரோசின், கிளைசின், கிளைசின், பினைல்அலனின் வரை இரண்டும் ஒன்றே. கார்பாக்சில் முனையில் மட்டும் ஒன்றில் மெத்தியோனின், மற்றதில் லியூசின். வேறுபாடு ஏறத்தாழ 18 டால்டன்.

1980களின் இறுதியில் வந்த மின்தெளிப்பு அயனியாக்கமும் மால்டி எனும் லேசர் அயனியாக்க முறையும் முழுப் புரதங்களையே கருவிக்குள் கொண்டுவந்தன. பெரிய உயிர் மூலக்கூறுகளை மென்மையாக அயனியாக்கும் முறைகளை வளர்த்ததற்காக ஜான் ஃபென், கொய்ச்சி தனாக்கா இருவரும் 2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்குபெற்றனர். 1998இல் ரோமன் சுபரேவும் பிரெட் மெக்லாஃபர்ட்டி குழுவினரும் அறிவித்த எலக்ட்ரான் பிடிப்புச் சிதைவு, புரதத்தின் முதுகெலும்புப் பிணைப்பை உடைத்தும் அதில் ஒட்டிய மென்மையான மாற்றங்களைக் காத்தது. 2010இல் வான்கூவரில் கிறிஸ்டோபர் ஓவரால் குழு, முனைகளை வேண்டுமென்றே மூடி, வெட்டியபின் தோன்றும் திறந்த துண்டுகளை அகற்றி, முனைத் துண்டுகளை மட்டும் நிறுத்திக்கொண்டது.

உயிரி மருந்துகளின் தரச் சோதனையில் இம்முறை இன்று தவிர்க்க முடியாதது. எதிர்ப்புரத மருந்தின் கன சங்கிலி தன் இறுதி லைசினை இழந்திருந்தால் நிறையில் 128 டால்டன் குறைந்திருக்கும். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை உடையவை என்பதால், நிறையை மட்டும் வைத்து அவ்விரண்டைப் பிரித்தறிய இயலாது. அந்த ஐயத்தைத் தீர்க்க எட்மன் வினை இன்றும் பயன்படுகிறது.