மரபுத்தொடரும் மண்ணின் வரலாறும்

அகராதியைக் கற்றவன் ஒரு மொழியின் சொற்களை அறிவான். மரபுத்தொடர்களை உணர்ந்தவனே அம்மொழி பேசும் மக்களை அறிவான். தொடரிலுள்ள சொற்களைத் தனித்தனியே பிரித்துப் பொருள் கூட்டினால் அதன் கருத்துப் புலப்படாது. அது பிறந்த மண்ணின் வரலாறே அக்கருத்தைத் தருவது.

மட்டக்களப்பு வாவிக் கரைக்கு 1814ஆம் ஆண்டில் வந்த மெதடித்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் இங்குப் பள்ளிகளை நிறுவினார். மறு ஆண்டிலேயே அவர் மறைந்தாராயினும் அவர் இட்ட வித்து வளர்ந்தது. பின்வந்த தலைமுறையினர் ஆங்கிலமும் அதன் மரபுத்தொடர்களும் பயின்றனர். தேர்வின்பொருட்டு அத்தொடர்களை மனனஞ்செய்வதோடு கல்வி நிறைவுறுமா என்பதே ஈண்டு நாம் ஆராயத்தக்கது.

‘ஓர் இறாத்தல் தசை கேட்டல்’ என்னும் ஆங்கிலத் தொடரைக் கொள்வோம். இறைச்சி வாங்கும் செய்தியையே சொற்கள் காட்டும். சேக்சுபியரின் வெனிசு வணிகன் நாடகத்திலே, கடன் தீராமையால் உடன்படிக்கைப்படி மார்புத் தசையை அறுத்துத் தருமாறு வழக்காடிய சைலாக்கை அறிந்தவர்க்கே, இரக்கமின்றித் தன் உரிமையை முற்றாகக் கோருதல் என்னும் பொருள் விளங்கும். ‘நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு செல்லல்’ என்பதும் இத்தகையதே. நிலக்கரி ஏற்றுமதியாற் பன்னூற்றாண்டு பெயர்பெற்றிருந்த ஆங்கிலத் துறைமுகம் அது. நம்மவர் இவ்வீண்முயற்சியைக் கொல்லன் தெருவில் ஊசி விற்றல் என்பர். கருத்து ஒன்றே, ஊரும் தொழிலும் வேறு.

நம் தொடர்களும் அயலார்க்கு அவ்வாறே. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பர் என்பது ஈழத்தில் வழங்கும் மொழி. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துரைப்பின், பாயிற் பசை தடவியிருந்ததோ என ஆங்கிலேயர் வினவுவர். பிறவூரார் இங்கே மணஞ்செய்து நிலைத்துவிடுதலைக் குறிக்கும் இத்தொடரில், விருந்தோம்பலும், மணமகன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழும் தாய்வழிக் குடிவழக்கும் அடங்கியுள்ளன. பிறர் மந்திரமென்று கருதியது குடிமரபேயாம்.

1892இற் காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியிலே ஆங்கில நாடகப் புலவரைச் ‘செகசிற்பியார்’ என வழங்கினார். அயற்பெயரும் ஒலி கெடாது, பொருள் பெற்றுத் தமிழாயிற்று. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார்.

ஆங்கிலவழி வந்த ‘முதலைக்கண்ணீர்’ இன்று நம் எழுத்தில் நிலைபெற்றுள்ளது. முதலை வாழும் வாவிக் கரையினராகிய நமக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், பொய்யழுகைக்குத் தமிழர் முன்பே வழங்கிய நீலிக்கண்ணீர், பழையனூர் நீலியின் கதையை அறியாத இளைஞர்க்குப் புதிராகி வருகின்றது. பிறமொழித் தொடர் வந்து சேர்தல் குற்றமன்று. நம் தொடரின் கதையை நாமே மறத்தல் பேரிழப்பாம். ஆதலின், மாணவர் ஆங்கிலத் தொடரொன்றைக் கற்குந்தோறும் அதன் பிறப்பை வினவுக. வயலிலும் வாவியிலும் முதியோர் நாவில் வழங்கும் தொடரொன்றையும், அதன் கதையோடு, உடன் எழுதி வைக்க.