அரபுத்தமிழின் புள்ளிகள்



ஸ்பானிய மொழியில் 'என்' எழுத்தின் மேல் சிறு வளைகோடு போட்டால் 'ஞ' ஒலி வரும். நம் மூத்தோரும் இதையே செய்தார்கள். அரபியின் 28 எழுத்துகளில் ட, ப, ஞ, ழ இல்லை. இருந்த எழுத்துகளுக்குப் புள்ளி கூட்டி அரபுத்தமிழ் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய மார்க்கச் சட்ட நூல் 'பத்ஹுத் தய்யான்' அப்படிப்பட்டது.

1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்தில் சோனகத் தெருவை விட்டுப் போனபோது, கிதாபுகளை எடுக்க நமக்கு நேரம் இருக்கவில்லை. இன்று கணினியின் வழக்கமான அரபு விசைப்பலகையிலும் அந்தப் புள்ளி எழுத்துகள் இல்லை. தட்டச்சில் வராத எழுத்தைப் பிள்ளைகள் எங்கே காண்பார்கள்?

ஊரிலோ புத்தளத்திலோ பழைய பிரதி இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுப்போம். வாசிக்கத் தெரிந்த உம்மம்மாவிடம் பிள்ளைகளை இருத்துவோம்.