ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்? ஓசூர் மாணவர்களுக்கான கணக்கு

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தொலைநிலைக் கல்வியில் டிகிரி படிக்கிறீங்களா? "நேரமே பத்தலை" என்ற புலம்பலுக்கு உங்க சோம்பல் மட்டும் காரணம் இல்லை. பாடத்திட்டத்தையும் பார்க்கணும்.

கிரெடிட் என்பது மதிப்பெண் அல்ல, நேரத்தின் அளவு. 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி, ஒரு வருடப் படிப்பு என்றால் 1,200 மணி நேரம், 40 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். இக்னோவில் இந்தக் கணக்கு முன்பே உண்டு. வகுப்பு மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் இதில் அடக்கம்.

செமஸ்டருக்கு 20 கிரெடிட், 15 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 40 மணி நேரம் படிப்பு. ஆலை வேலை 48 மணி நேரம். மொத்தம் 88! தினமும் 7 மணி நேரம் தூங்கினால், பஸ், சாப்பாடு, குடும்பம் எல்லாத்துக்கும் மிச்சம் நாளுக்கு சுமார் நாலரை மணி நேரம்தான்.

பாடத்திட்டம் போடுபவர்கள் என்ன செய்யலாம்? ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் கணக்குப் பார்க்கணும். 30 மணி நேரக் கணக்கைத் தாண்டினால் எதையாவது குறைக்கணும். எல்லா பேப்பருக்கும் ஒரே வாரத்தில் கெடு வைப்பதுதான் பெரிய தலைவலி. ஆசிரியர்கள் பேசி வைத்து தேதிகளைப் பிரிக்கலாம். பெரிய ப்ராஜெக்ட்டை தலைப்பு, வரைவு, இறுதி வடிவம் என உடைக்கலாம். தேதிகள் செமஸ்டர் தொடக்கத்திலேயே தெரிந்தால், நைட் ஷிஃப்ட் வாரத்தை விட்டுவிட்டு மற்ற வாரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

படிப்பின் வேகத்தையும் குறைக்கலாம். இக்னோவின் 3 வருட பி.ஏ. படிப்பை முடிக்க 6 வருடம் வரை அவகாசம் உண்டு. பாதி வேகத்தில் போனால் வாரத்துக்கு 20 மணி நேரம் போதும்.