காலியான ராஜ்பவனும் அடுத்தவர் என்ற கேள்வியும்

2004 பிப்ரவரி 23 அன்று கேரள ஆளுநர் சிக்கந்தர் பக்த் திருவனந்தபுரத்தில் காலமானார். கேரள ஆளுநர் ஒருவர் பதவியிலிருக்கும்போதே இறந்தது அதுவே முதல்முறை. அவருக்கு அடுத்தவர் இன்னார் என்று சுட்டும் ஒரு வரிகூட அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. தில்லி முடிவெடுத்தது, கர்நாடக ஆளுநர் டி. என். சதுர்வேதி கேரளத்தையும் சேர்த்துக் கவனித்தார்.

இதே நகரில் எண்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. 1924 ஆகஸ்டில் மூலம் திருநாள் மகாராஜா மறைந்தபோது வாரிசு யார் என்ற ஐயம் எழவில்லை. மருமக்கத்தாய முறைப்படி அரியணை தாய்வழியில் சித்திரைத் திருநாளுக்கு உரியது. அவருக்கு வயது பதினொன்றுதான். ஆகவே சேது லட்சுமி பாய் 1931 வரை அவர் சார்பில் ஆட்சி நடத்தினார். ஆங்கிலேயரின் ஒப்புதல் தேவைப்பட்டது உண்மையே. எனினும் அரசர் இல்லாத நாளுக்கும், அரசர் சிறுவராக இருக்கும் காலத்துக்கும் முன்கூட்டியே வழி இருந்தது.

அந்தச் சித்திரைத் திருநாளே 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியின் ராஜப்பிரமுகராக இருந்தார். 1956 அக்டோபர் இறுதியோடு அப்பதவி மறைந்தது. நவம்பர் 1 அன்று பிறந்த கேரளத்துக்கு முழுநேர ஆளுநர் இல்லை. அதிகாரியான பி. எஸ். ராவ் மூன்று வாரம் பொறுப்பு வகித்த பின்னரே பி. ராமகிருஷ்ண ராவ் வந்தார். ஆக, மாநிலத்தின் ஆளுநர் வரிசை தொடங்குவதே ஒரு பொறுப்பு ஆளுநரிடமிருந்துதான்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் துணை ஆளுநர் உண்டு. ஆளுநர் இறந்தாலோ விலகினாலோ அவரே அடுத்தவர். அப்பதவி இல்லாதிருந்த நியூ ஜெர்சியில் மேலவைத் தலைவரிடம் பொறுப்பு போகும். 2002 ஜனவரியில் எட்டே நாளில் ஐவர் கையில் அது மாறியது. பின்னர் அம்மாநிலமும் தன் அரசமைப்பைத் திருத்தித் துணை ஆளுநர் பதவியை உருவாக்கிக்கொண்டது.

இந்தியாவிலும் 1947இல் அரசியல் நிர்ணய சபை ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று ஏற்றிருந்தது. 1949இல் அதைக் கைவிட்டு நியமனத்துக்கு மாறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் முதலமைச்சரும் மோதிக்கொள்வர் என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நியமித்தவரே இடத்தை நிரப்பிக்கொள்வார் எனும்போது அடுத்தவரைச் சட்டம் குறிக்கத் தேவையில்லாமல் போகிறது. பதவிக்காலம் முடிந்தவர் புதியவர் வரும்வரை தொடரலாம் என்கிறது 156ஆவது உறுப்பு. மரணத்துக்கு அது பயன்படாது. எதிர்பாராத சூழலில் குடியரசுத் தலைவர் தக்க ஏற்பாடு செய்யலாம் என்பதோடு 160ஆவது உறுப்பு நின்றுவிடுகிறது. ஒருவரே இரு மாநிலங்களுக்கு ஆளுநராகலாம் என்ற இடம் 1956இன் ஏழாவது திருத்தத்தில் வந்தது.

குடியரசுத் தலைவர் பதவியின் கதை வேறு. 1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்ததும் குடியரசுத் துணைத் தலைவர் வி. வி. கிரி பொறுப்பேற்றார். இவர் முன்னாள் கேரள ஆளுநர். ஜூலையில் அவரும் விலக, தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா அந்த இடத்துக்கு வந்தார். அதற்கென நாடாளுமன்றம் அவ்வாண்டே தனிச் சட்டம் இயற்றியிருந்தது. மாநிலத்துக்கு அப்படியொன்று தேவை என்று எவருக்கும் தோன்றவில்லை போலும்.

‘கூடுதல் பொறுப்பு’ என்ற சொல்லே அலுவலக வழக்கு. ஒரு தாசில்தார் விடுப்பில் போனால் பக்கத்து வட்டத்தவர் கோப்புகளைப் பார்ப்பதைக் குறிக்கும் சொல் அது. மசோதாக்களுக்கு ஒப்புதல் தரும், பல்கலைக்கழகங்களின் வேந்தராக இருக்கும் ஒரு பதவிக்கு அதே சொல் தயக்கமின்றிப் பொருந்திவிட்டது. அப்பதவியை மத்திய அரசு எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

2012 ஜனவரி 26, குடியரசு நாளன்று, புதுச்சேரியின் முன்னாள் முதல்வரும் கேரள ஆளுநருமான எம். ஓ. எச். பாரூக் சென்னையில் மறைந்தார். அவர் பதவியேற்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இம்முறையும் பொறுப்பு கர்நாடக ஆளுநரிடமே, எச். ஆர். பரத்வாஜிடம், சென்றது. 2013 மார்ச்சில் நிகில் குமார் பதவியேற்கும்வரை, ஓராண்டுக்கும் மேலாக, கேரளத்துக்கெனத் தனி ஆளுநர் இல்லை.