ராமனும் சீதையும் லட்சுமணனும் மீண்டும் சந்தித்தபோது

2020 மார்ச் மாதத் தொடக்கம். மும்பையில் கபில் சர்மாவின் நகைச்சுவை நிகழ்ச்சி அரங்குக்கு அருண் கோவில், தீபிகா சிக்லியா, சுனில் லஹ்ரி மூவரும் விருந்தினர்களாக வந்தார்கள். பெயரைச் சொன்னால் நம் ஊரில் பலருக்கு ஆளைத் தெரியாது. ராமன், சீதை, லட்சுமணன் என்று சொன்னால் நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் முகம் கண்முன் வந்துவிடும். தயாரிப்பாளர் ராமானந்த் சாகரின் மகன் பிரேம் சாகரும் உடன் இருந்தார். தூர்தர்ஷனில் 'ராமாயண்' தொடங்கி 33 ஆண்டுகள் ஆனதையொட்டி, கூட வேலை பார்த்தவர்கள் ஒன்றுகூடிப் பழைய கதை பேசினார்கள்.

அதற்குச் சில வாரங்களில் நாடே வீட்டுக்குள் அடைந்தது. மார்ச் 25 அன்று ஊரடங்கு. 27 அன்று அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் மறு ஒளிபரப்பை அறிவித்தார். 28 சனிக்கிழமை காலை 9 மணிக்கு அதே 'ராமாயண்' மறு ஒளிபரப்பாகத் தொடங்கியது. காலை 9 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று. ஓர் அரங்கில் நான்கு பேர் தொடங்கிய சந்திப்பு, கோடிக்கணக்கான வீடுகளின் சந்திப்பாக மாறியது.

இந்தத் தொடரின் பிறப்பையும் மறுபிறப்பையும் இந்த வாரம் பார்ப்போம்.

பெயர்ப் பட்டியலில் கம்பன்

முதல் ஒளிபரப்பு 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை. 1988 ஜூலை 31 வரை 78 வாரக் கதைகள். முதலில் திட்டமிட்டது 52 தான். வரவேற்பைப் பார்த்து நீட்டித்தார்கள். லாகூருக்கு அருகில் 1917-ல் பிறந்து, பிரிவினையில் ஊரை இழந்து பம்பாய்க்கு வந்தவர் ராமானந்த் சாகர். இந்தி சினிமாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, எழுபது வயதை நெருங்கும்போது சின்னத்திரையை நம்பி இறங்கினார்.

தொடரின் தொடக்கத்தில் வரும் நன்றிப் பட்டியலைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். வால்மீகி, துளசிதாசர் ஆகியோரோடு தமிழின் கம்பராமாயணமும் அதில் இடம்பெற்றிருக்கும். வங்காளத்தின் கிருத்திவாசர், தெலுங்கின் ரங்கநாத ராமாயணம், மலையாளத்தின் அத்யாத்ம ராமாயணம், உருதுவில் சக்பஸ்த் என்று அந்தப் பட்டியல் நீளும். இந்தி பேசிய அந்தத் தொடர், பல மொழிகளுக்குக் கடன்பட்டிருப்பதைத் தானே ஒப்புக்கொண்டது.

ராமனாக நடித்த அருண் கோவிலும் சீதையாக நடித்த தீபிகாவும், சாகர் அதற்கு முன் எடுத்த 'விக்ரம் அவுர் பேத்தாள்' தொடரில் நடித்தவர்கள். ராவணன் கிடைத்த விதம் வேறு. குஜராத்தி நாடக, சினிமா நடிகர் அரவிந்த் திரிவேதி, ராமனை கங்கையைக் கடக்க வைக்கும் படகோட்டி வேடம் கேட்டுத்தான் தேர்வுக்குப் போனார். அவர் நடந்து வந்த தோரணையைப் பார்த்ததும், என் ராவணன் கிடைத்துவிட்டான் என்று சாகர் முடிவு செய்துவிட்டார். கம்பனைப் படித்த நமக்கு இது கூடுதலாக இனிக்கும். படகோட்டி என்றால் நமக்குக் குகன். குகனாகக் கேட்டுப் போனவர் இலங்கை வேந்தனாகத் திரும்பினார்.

மொழி தெரியாமல் பார்த்த ஊர்

தமிழ்நாட்டில் அந்தத் தொடர் வந்த நேரம் சாதாரண நேரம் அல்ல. 1986 இறுதியில் இந்தித் திணிப்பை எதிர்த்து, அரசியல் சட்டத்தின் மொழிப் பிரிவை எரிக்கும் போராட்டத்தை தி.மு.க. நடத்தியது. க. அன்பழகன் உள்ளிட்ட 10 சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அடுத்த மாதமே ஞாயிறு காலையில் வீட்டுக்குள் இந்தியில் ராமன் பேசினான். ராமாயணத்தையே கேள்வி கேட்ட மண் இது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-ல் வெளிவந்து, 1948-ல் தடை செய்யப்பட்டு, 1971-ல்தான் தடை நீங்கியது. அந்தக் கேள்விகளைக் கேட்டு வளர்ந்தவர்களின் வீட்டிலும் ஞாயிறு காலை டிவி ஓடியது.

நம் வேங்கிக்கால் அன்று திருவண்ணாமலை நகரத்தை ஒட்டிய கிராமம். மாவட்டம் என்பதே 1989 செப்டம்பர் 30 அன்று, வட ஆர்க்காட்டைப் பிரித்த பிறகுதான் வந்தது. இங்கே ஆட்சியர் அலுவலகம் எழுந்ததும், வேலூர் சாலையோரம் கட்டடங்கள் நெருங்கியதும் அதற்குப் பின்னால். 1987-ல் டிவி உள்ள வீடு தெருவுக்கு ஒன்றிரண்டு. பெரும்பாலும் சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா, கருப்பு வெள்ளை, இழுத்து மூடும் கதவு வைத்த மரப்பெட்டி. கூரைக்கு மேலே நீண்ட இரும்புக் குழாயில் ஆண்டெனா. காற்றடித்தால் படம் புள்ளி புள்ளியாகக் கலைந்துவிடும். ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்புவார். "தெரியுதா?" என்று மேலிருந்து குரல். "இல்லண்ணா, இன்னும் கொஞ்சம் வேலூர் ரோட்டுப் பக்கம்... நிறுத்து, நிறுத்து, வந்துடுச்சு!" என்று கீழிருந்து பதில். திண்ணை நிறைந்து, ஜன்னல் கம்பியிலும் பிள்ளைகள் தொற்றிக்கொண்டு நிற்பார்கள்.

இந்தி தெரியாதவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. இது கூத்து வளர்ந்த மண். கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்த சனங்களுக்குக் கதை முன்பே தெரியும். அடுத்து யார் வருவார், என்ன நடக்கும் என்பதும் தெரியும். அவர்கள் காத்திருந்தது வேஷம் வந்து நிற்கும் அந்தக் கணத்துக்காக.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர், பொழுது விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு அதே தெருவில் உட்கார்ந்து டீ குடிப்பார். ஊருக்கு வேஷமும் தெரியும், ஆளும் தெரியும். டிவி அந்த இரண்டாவது பாதியைக் காட்டவில்லை. நடிகர்கள் வேஷத்துக்குள்ளேயே அடைபட்டுப் போனார்கள்.

அருண் கோவில் பேட்டிகளில் சொல்லும் அனுபவம் ஒன்று உண்டு. தமிழ்ப் படம் ஒன்றில் திருப்பதி பாலாஜி வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு இடைவேளையில் மறைவாக நின்று சிகரெட் பிடித்திருக்கிறார். ஒருவர் வந்து தன் மொழியில் கடுமையாகத் திட்டியிருக்கிறார். என்ன சொல்கிறார் என்று விசாரித்தால், உங்களை ராமனாகக் கும்பிடுகிறோம், நீங்கள் இப்படிச் செய்யலாமா என்பதுதான் அதன் சாரம். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டதாகச் சொல்கிறார். அதைப் படிக்கும்போது அந்த மனிதரின் பக்தியும் நெகிழ வைக்கிறது, நடிகரின் தனிமையும் வருத்துகிறது.

உம்பர்காவ் என்ற வேலைத்தலம்

2020 சந்திப்புகளின் உண்மையான மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது. தெய்வங்களாக உறைந்து போனவர்கள், வேலை செய்த மனிதர்களாகப் பேசினார்கள். மறு ஒளிபரப்பு நடந்த நாட்களில் சுனில் லஹ்ரி, அன்றன்றைய காட்சிகளின் பின்னணியை ட்விட்டரில் தொடர்ந்து சொல்லிவந்தார். லட்சுமணன் கதை சொல்லச் சொல்ல, அந்தத் தொடர் பிறக்கும்போது பிறந்தேயிராத பிள்ளைகள் கேட்டார்கள்.

அந்த நினைவுகளின் களம் குஜராத்தின் தென்கோடிக் கடலோர ஊரான உம்பர்காவ். அயோத்தியும் மிதிலையும் இலங்கையும் அங்கே ஸ்டூடியோவுக்குள் எழுந்தன. கணினி வரைகலை இல்லாத காலம். மேகம் வேண்டுமென்றால் பஞ்சு. மூடுபனி வேண்டுமென்றால் ஊதுபத்திப் புகை. சில வாரங்களில் ஒளிபரப்புக்கு அரை மணி நேரம் இருக்கும்போதுதான் டேப் தூர்தர்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சாகர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். இசையமைத்தவர் பிறவியிலேயே பார்வை இல்லாத ரவீந்திர ஜெயின். நாடு முழுக்கக் கண்ணால் பார்த்த ஒன்றை, அவர் காதால் மட்டுமே கட்டி எழுப்பினார்.

பார்த்தவர்களில் உழைக்கும் மக்களும் இந்த வரலாற்றைத் திருப்பியிருக்கிறார்கள். பட்டாபிஷேகத்தோடு தொடர் முடியப்போகிறது என்றதும், 1988-ல் பஞ்சாபின் ஜலந்தரில் வால்மீகி சமூகத் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வால்மீகியின் ஆசிரமத்தில் லவனும் குசனும் வளரும் கதை இல்லாமல் ராமாயணம் எப்படி முடியும் என்பது அவர்கள் கேள்வி. போராட்டம் வேறு ஊர்களுக்கும் பரவியது. உத்தர ராமாயணம் தனியாக எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது. நம் கம்பனும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தியவர்தான்; தமிழ் உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பெயரில் சொல்வது மரபு. கம்பன் நிறுத்திய இடத்தில் நிறுத்தவிடாமல் ஒரு தொலைக்காட்சித் தொடரை நீட்டிக்க வைத்தவர்கள், தெருவைக் கூட்டும் மனிதர்கள். அவர்கள் பெயர் எந்த நன்றிப் பட்டியலிலும் இல்லை.

கைகூப்பிய ராவணன்

2020 ஏப்ரலில் ஒரு சிறு வீடியோ நாடெங்கும் சுற்றியது. எண்பதைக் கடந்த அரவிந்த் திரிவேதி தன் வீட்டில் அமர்ந்து டிவி பார்க்கிறார். திரையில் சீதையை ராவணன் கவர்ந்து போகும் காட்சி. தான் நடித்ததைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முதியவர், கைகூப்புகிறார். பத்துத் தலை அரக்கனாக மிரட்டியவரின் உடம்பு தளர்ந்திருந்தது. இத்தனை வருடம் கழித்து, வேஷமும் ஆளும் ஒரே அறையில் எதிரெதிரே இருப்பதை ஊர் பார்த்தது. கூத்தின் விடியற்காலை டிவி ரசிகர்களுக்கு அன்றுதான் கிடைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

ஏப்ரல் 16 இரவு ஒளிபரப்பான லட்சுமணன்–இந்திரஜித் போரை 7.7 கோடிப் பேர் பார்த்ததாகவும், அது உலக சாதனை என்றும் தூர்தர்ஷன் அறிவித்தது. 1983 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் 'மாஷ்' தொடரின் கடைசிப் பகுதியை ஏறத்தாழ 10.6 கோடிப் பேர் பார்த்திருப்பதைச் சுட்டிக்காட்டிச் சிலர் மறுத்தார்கள். சாதனையா இல்லையா என்பது எனக்குப் பெரிதல்ல. மலை சுற்ற வழியின்றி கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடந்த அந்த நாட்களில், வேங்கிக்கால் வீடுகளில் பாட்டியும் பேத்தியும் ஒரே நேரத்தில் ஒரே பெட்டியைப் பார்த்தார்கள். இந்தி இருவருக்கும் தெரியாது. பாட்டிதான் கதை சொன்னார்.

நம் வீட்டுக் கடமை

அந்த மும்பைச் சந்திப்பில் இல்லாதவர்களையும் எண்ணிப் பாருங்கள். மந்தரையாக நடித்த லலிதா பவார் 1998-ல் போய்விட்டார். ராமானந்த் சாகர் 2005-ல், அனுமனாக நடித்த தாரா சிங் 2012-ல், ரவீந்திர ஜெயின் 2015-ல். உம்பர்காவின் கதையை அவர்கள் வாயால் கேட்கும் வாய்ப்பு இனி இல்லை.

தமிழ்த் தொலைக்காட்சிக்கும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அன்று இருபத்தைந்து வயதில் கேமரா பிடித்தவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். 'மெட்டி ஒலி' தொடர் ஊரடங்கில் மறு ஒளிபரப்பாகி மறுபடியும் வீடுகளைப் பிடித்துக்கொண்டது. அதன் ஐந்து மகள்களில் ஒருவராக நடித்த உமா மகேஸ்வரி 2021-ல் காலமானார். பி.பி.சி. போன்ற பெரிய நிறுவனமே பழைய டேப்களை அழித்துவிட்டு, 'டாக்டர் ஹூ' தொடரில் 90-க்கும் மேற்பட்ட பகுதிகளை இழந்தது. டேப் போனால் அதை எடுத்தவர்களின் நினைவுதான் மிச்சம்.

நட்சத்திரங்களை அழைத்து மேடையில் சிரிக்க வைப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஒப்பனைக்காரர், படத்தொகுப்பாளர், அரங்கம் அமைத்த தச்சர், ஒலிப்பதிவாளர் என எல்லோரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். சென்னை சிவானந்தா சாலைத் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் இருந்து தொடங்கலாம். உங்கள் குடும்பத்தில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், கையில் இருக்கும் போனிலேயே இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நம் சின்னத்திரை வரலாற்றின் முதல் ஆவணம் அவர்கள்தான்.

ராமாயணம் முடிந்த 1988-லேயே இன்னொரு காவியம் ஞாயிறு காலையைக் கைப்பற்றியது. பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' கதை அடுத்த வாரம்.

(தொடரும்)