பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் குழவியின் முதல் திங்கள்களும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையின் தோற்றத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியலில் குழவியைக் குறித்து வரும் நூற்பாவோடு இயைத்துக் காட்டுதல் அறிஞர் மரபு. ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிள்ளைத்தமிழே இன்று நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் முற்பட்டது என்பதும் பலரும் அறிந்ததே. அவ்வரலாற்றை மீண்டும் கூறுதல் ஈண்டு வேண்டா. யாம் எடுத்துக்கொண்ட வினா வேறு. காப்பு முதலாகச் சொல்லப்படும் பருவங்கள் குழவியின் மெய் வளர்ச்சியைக் கண்டு வகுக்கப்பட்டனவா? அன்றி எண்முறை ஒன்றற்கு இயைய அமைக்கப்பட்டனவா? இவ்வினாவிற்கு விடை காணப் புகுவோர்க்கு இலக்கண நூல்கள் மட்டும் போதா. குழவியையும் நோக்குதல் வேண்டும்.

மூன்றாம் திங்கள் முதலாக இருபத்தொன்றாம் திங்கள் ஈறாக, ஒற்றைப்படைத் திங்கள்களில் பத்துப் பருவங்களையும் அமைத்துப் பாடுக என்பது பாட்டியல் மரபு கூறும் நெறிகளுள் ஒன்று. அதன்படி காப்பு மூன்றிலும், செங்கீரை ஐந்திலும், தால் ஏழிலும், சப்பாணி ஒன்பதிலும், முத்தம் பதினொன்றிலும், வாரானை பதின்மூன்றிலும், அம்புலி பதினைந்திலும் அமையும். திங்கள் பற்றிப் பாட்டியல்களுக்குள் வேறுபாடு உண்டு எனினும், பருவங்களின் வரிசை பெரிதும் மாறுவதில்லை. இவ்விடத்து ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. நம்மவர் ஐந்தாந் திங்கள் என்பது நடக்கின்ற திங்களை. நிறைந்த திங்கள் நான்கே. இக்கால மருத்துவர் நிறைந்த திங்களையே எண்ணுவர். இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு ஒரு திங்கள் பிழைபடும்.

செங்கீரை என்னும் சொல்லின் பொருள் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கீர் என்பது சொல் எனக்கொண்டு, குழவி மழலை தொடங்கும் பருவம் என்பர் ஒரு சாரார். காற்றில் அசையும் கீரைத்தண்டு போல உடல் அசைதலின் இப்பெயர் பெற்றது என்பர் பிறர். இவற்றுள் எது ஏற்புடைத்து என்பது ஒருபுறம் நிற்க. இப்பருவத்திற்குரிய மெய்ந்நிலை இன்னதென்பதில் ஐயமில்லை. இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி முகம் அசைய ஆடுதலே அது.

இவ்விளக்கம் பொதுப்பட அமைந்ததன்று, உற்றுநோக்கினார் கூற்று. பிறந்த குழவியின் கைகால்கள் கருப்பையிற் கிடந்தவாறே மடங்கியிருக்கும். கழுத்துத் தலையைத் தாங்காது. கவிழ்த்துக் கிடத்தினால் இரண்டாம் திங்கள் அளவில் தலையைச் சிறிது உயர்த்தும். பின்னர் முழங்கையை ஊன்றி மார்பை எழுப்பும். நான்கு முதல் ஆறு திங்கள் நிறைவதற்குள் முழங்கை மடங்காமல் உள்ளங்கையை ஊன்றி நிமிரும். அந்நிலையில் உடலின் பொறை ஒரு பக்கம் சாயுமானால், பொறை நீங்கிய பக்கத்துக் கால் மடங்கும். ஒரு கால் மடங்கி ஒரு கால் நீண்டிருத்தல் புலவர் அழகு கருதிப் புனைந்த கோலம் அன்று என்பது இதனாற் புலனாகும். நான்கு நிறைந்து ஐந்து நடக்கும் திங்களில் இதனை வைத்ததும் பெரிதும் பொருந்துவதே.

சப்பாணிக்கு வருவோம். கை கொட்டுதற்குக் கைகள் ஊன்றுகோல் ஆகும் வேலையினின்று விடுபட்டிருத்தல் வேண்டும். அஃதாவது, குழவி பிறர் தாங்காமல் உட்காருதல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, தாங்குவாரின்றி உட்காரும் ஆற்றல் 3.8 திங்களுக்கும் 9.2 திங்களுக்கும் இடையே கைகூடுகிறது. ஒன்பதாந் திங்கள் நடக்கையில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் உட்கார்ந்துவிடும். கைகொட்டுதல் உட்காருதலினும் பிந்திய ஆற்றலாதலின் அப்பருவத்தை அங்கே வைத்தது தகும். தனித்து நடத்தலுக்கு அவ்வாய்வு தரும் எல்லை 8.2 முதல் 17.6 திங்கள் வரை. சராசரி பன்னிரண்டு திங்களைச் சிறிதே கடந்தது. பன்னிரண்டு நிறைந்து பதின்மூன்று நடக்கும் திங்களிலேதான் வாரானைப் பருவம் வருகிறது.

ஆகவே மெய்யியக்கம் பற்றிய பருவங்கள் மூன்று: செங்கீரை, சப்பாணி, வாரானை. ஐந்து, ஒன்பது, பதின்மூன்று என நான்கு நான்கு திங்கள் இடையிட்டு இவை நிற்கின்றன. இவற்றின் இடையே வரும் தாலும் முத்தமும் நாவும் வாயும் பற்றியன. மூன்றையும் கையின் வரலாறாகவே காணலாம். முதலில் கை நிலத்தில் ஊன்றி நிற்கிறது. அடுத்து நிலத்தை விட்டு ஒன்றோடொன்று சேர்கிறது. பின்னர் உடல் முழுதும் எழுந்து நடக்க, கை தாயை நோக்கி நீள்கிறது. பத்துப் பருவங்களுள் முதல் ஏழும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொதுவென நிறுத்தி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆண்பாற்குரிய விளையாட்டுகளைப் பின்னர்ப் பிரித்தமையும் இங்கு எண்ணத்தக்கது. மேற்கூறிய உலக அளவுகளும் ஆண் பெண் வேறுபாடின்றி இருபாற்கும் ஒன்றாகவே வகுக்கப்பட்டுள்ளன.

இவ்வளவும் கண்டு, இக்கால அறிவியல் கண்டவற்றையெல்லாம் நம் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என்று முழங்குதல் ஆராய்ச்சி ஆகாது. பத்துப் பருவத்திற்குப் பத்து ஒற்றை எண்கள் என்பது எண்ணின் ஒழுங்கே அன்றிக் குழவியின் ஒழுங்கு அன்று. குழவி ஒற்றை இரட்டை பார்த்து வளர்வதில்லை. நடத்தலின் எல்லை ஒன்பது திங்களுக்கு மேல் விரிந்து கிடக்க, பாட்டியல் அதனை ஒரே திங்களில் அடக்கிவிட்டது. வரிசை நோக்கிப் பெற்றது. திங்கள் வகுத்துப் பெற்றது என்பதே எம் கருத்து.

இனி, இவ்வடைவு எதனை விட்டுவிட்டது என நோக்குவாம். முதற் பருவமாகிய காப்பு, குழவியின் செயலே அன்று. குழவியைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது. மல்லாந்து கிடக்கும் முதல் நான்கு திங்களில் குழவி செய்வனவற்றுக்குப் பிள்ளைத்தமிழில் தனியிடம் இல்லை. தலை ஒரு புறம் திரும்பினால் அப்புறக் கையும் காலும் நீள, எதிர்ப்புறத்தன மடங்கும் நிலையை அமெரிக்க அறிஞர் ஆர்னால்டு கெசல் விரிவாக ஆராய்ந்து 1938-இல் எழுதினார். வாட்போர் செய்வான் நிற்கும் நிலைக்கு அதனை ஒப்பிடுவர். முதல் திங்கள்களில் எந்தத் தொட்டிலிலும் காணத்தக்க அந்நிலை, காப்புப் பருவப் பாடல்களில் இடம்பெறுவதன்று. அத்திங்கள்களில் புலவரின் கண் குழவிமேல் இல்லை. திருமால் முதலாய தெய்வங்கள்மேல் நிற்கிறது.

இவ்விடைவெளியை நிரப்புவது பாட்டியல் நெறி பரவுதற்கு முற்பட்ட ஒரு நூல். 9-ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கருதப்பெறும் பெரியாழ்வார் தம் திருமொழியில் கண்ணனின் பிள்ளைமையைப் பாடினார். திருவடி முதல் திருமுடி வரை காட்டும் இரண்டாம் பதிகம், குழவி தன் காலைக் கையாற் பற்றி வாயில் வைத்துச் சுவைத்தலைக் கூறித் தொடங்குகிறது. மல்லாந்து கிடக்கும் குழவி ஐந்தாறு திங்கள் அளவில் செய்யும் செயல் இது. காலை உயர்த்தி வாய்வரை கொணர்தற்கு வயிற்றுத் தசை வலுப்பெற வேண்டும். கண்டதைக் கை பற்ற வேண்டும். கால் தன்னுடையது என்னும் உணர்வும் அரும்ப வேண்டும். பிற்காலப் பிள்ளைத்தமிழில் இஃது ஒரு பருவமாகவில்லை.

இதனினும் நுட்பமானது முதற் பதிகத்தில் தாய் கூறும் முறையீடு. கிடத்தினால் தொட்டில் கிழியுமாறு உதைக்கிறான். எடுத்து இடுப்பில் வைத்தால் இடுப்பு முரிகிறது. இறுக அணைத்தால் வயிற்றின்மேற் பாய்கிறான். நான் மெலிந்துபோனேன் என்பது அதன் பொருள். உரையாசிரியர் வழிநின்று இறைவனின் அளவிலா ஆற்றலாக இதனைக் காண்போர் காண்க. குழவியின் காலியக்கத்தைக் கிடத்தல், எடுத்தல், அணைத்தல் என்னும் மூன்று நிலைகளில் வைத்துக் காட்டும் பகுதியாகவும் இது விளங்குகிறது. கால் செய்வது ஒன்றே; நிலை மாறப் பெயர் மாறுகிறது.

இக்கருத்திற்கு ஒப்புமை இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியில் உண்டு. பிறந்த குழவியை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்கால் தரையிற் படச் செய்தால் அடி வைப்பது போலக் காலை மாற்றி மாற்றி எடுக்கும். இரண்டு திங்களளவில் அச்செயல் மறையும். மூளையின் மேற்பகுதி வளர்ந்து அதனை அடக்கிவிடுகிறது என மிர்ட்டில் மெக்ரா போன்றோர் விளக்கினர். எஸ்தர் தீலன் என்னும் ஆராய்ச்சியாளர் உடன் ஆய்வோருடன் இதனை மீண்டும் ஆய்ந்து, 1984-இல் வேறு விடை கண்டார். அடியெடுப்பு நின்றுவிட்ட குழவியின் கால்களை நீரில் மூழ்குமாறு பிடித்தபோது அச்செயல் மீண்டும் தோன்றியது. காலிற் சிறு எடை கட்டியபோது குறைந்தது. மறைந்தது ஆற்றல் அன்று; கொழுத்த காலின் கனத்தை நிமிர்ந்த நிலையில் தூக்க வலுவில்லை என்பதே காரணம். மல்லாந்து கிடக்கையில் அதே குழவி அதே அசைவை உதைத்தலாக ஓயாது செய்துகொண்டிருக்கும். ஆழ்வார் இதனை ஆராய்ந்து கண்டார் என்பதன்று எம் கூற்று. தொட்டிலருகே நின்ற ஒரு தாயின் சொல்லை அவர் விடாமற் பற்றிக்கொண்டார் என்றே கூறுகின்றோம்.

பின்வந்தோர் அச்சொல்லை ஏன் விட்டனர்? அரசனையும் ஆண்டவனையும் பாட்டுடைத் தலைவராக்கிய காலத்தில் தலை நில்லாத, கவிழத் தெரியாத பிள்ளை அவைக்குப் பொருந்தவில்லை போலும். வேறு காரணமும் கருதலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கூட நம் நாட்டில் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் ஏறத்தாழ இருநூறு ஓராண்டு நிறைதற்கு முன் இறந்தன. அதற்கு எண்ணூறு ஆண்டு முற்பட்ட காலத்துத் தாயர்க்கு முதல் திங்கள்கள் குழவியின் அழகைக் காணும் காலமாக மட்டும் இருந்திரா. குழவி தங்குமோ என அஞ்சும் காலமாகவும் இருந்திருக்கும். அத்திங்கள்களில் காப்பு ஒன்றே பாடப்பெற்றமை அவ்வச்சத்தின் சுவடாக இருத்தல் கூடும்.

தவழ்தலும் பருவங்களுள் ஒன்றாகவில்லை. குழவியின் இயக்கங்களுள் யாவரும் காண்பது அதுவே. ஆயினும் செங்கீரைக்கும் வாரானைக்கும் இடையே அது தன் பெயர் பெறாமல் கரைந்துவிட்டது. இதற்கு அறிவியற் காரணம் தேடுதல் மிகையே. ஆயினும் ஓர் ஒப்புமை சுட்டத்தக்கது. உலகச் சுகாதார நிறுவன ஆய்வில் நூற்றுக்கு நான்கிற்குச் சற்று மேற்பட்ட குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்தன. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியலில் தவழ்தல் நீக்கப்பட்டுள்ளது.

வீட்டு வழக்கு இலக்கண வழக்கினும் விரிவுடையது. தலை நின்றது, ஒருக்களித்தது, குப்புற விழுந்தது, நீந்துகிறது, தவழ்கிறது என ஒவ்வொரு நிலைக்கும் நம் பெண்டிர் சொல் வைத்துள்ளனர். குப்புற விழுந்த நாளைக் கொண்டாடும் வீடுகளும் உண்டு. இச்சொற்களில் எதுவும் பருவப் பெயராகவில்லை. குழவியைக் கிடத்தும் முறைக்கேற்ப இந்நிலைகள் முந்தியும் பிந்தியும் வரும் என்பதும் அறியத்தக்கது. குழந்தைகளைக் குப்புறக் கிடத்தாமல் உறங்கவைக்க வேண்டும் என்னும் அறிவுரை 1992 முதல் அமெரிக்காவில் பரவியபின் 1998-இல் வெளிவந்த ஆய்வொன்று, மல்லாந்து உறங்கிய குழந்தைகள் புரளுதலிலும் தவழுதலிலும் சிறிது பிந்தின என்றும், நடத்தலில் பிந்தவில்லை என்றும் காட்டியது. தூளியிற் பெரும்பொழுது கிடக்கும் குழவிக்கும் பாயிற் கிடக்கும் குழவிக்கும் இத்தகைய வேறுபாடு உண்டா என்பது நம் நாட்டில் ஆராயத்தக்கது.

பெரியாழ்வாரின் அடைவு பாட்டியலுக்கு அடங்குவதன்று. மூன்றாம் பதிகம் தாலாட்டு; நான்காவது அம்புலி; ஐந்தாவது செங்கீரை; ஆறாவது சப்பாணி; ஏழாவது தளர்நடை. பாட்டியல் பதினைந்தாந் திங்களுக்கு ஒதுக்கிய அம்புலி இங்குச் செங்கீரைக்கும் முன்னே நிற்கிறது. பாட்டியல் வாரானை என்றதை அவர் தளர்நடை என்றார். வாரானை என்பது தாயிடம் வருதலைக் குறிக்கும் சொல்; தளர்நடை குழவியின் கால் தடுமாறுதலைக் காட்டும் சொல். தாலாட்டுப் பதிகத்தில் தொட்டிலிற் கிடந்த பிள்ளை, அம்புலிப் பதிகத்தின் தொடக்கத்தில் நெற்றிச்சுட்டி அசைய, கிண்கிணி ஒலிக்க, முற்றத்துப் புழுதியில் தவழ்ந்துகொண்டிருக்கிறான்.